உரிமை கோர ஆளில்லாதவர்

ஜெலுத்தோங், பினாங்கு
14 மார்ச் 1931

அன்புத் தம்பி நூர் முகம்மதுக்கு உன் மூத்தவள் லாத்தா ஹபீபா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மச்சானைக் குளிப்பாட்டியபோது இருந்தவர்கள்: மய்யித்துக் குளிப்பாட்டும் பஷீர் லெப்பை, தண்ணீர் மொண்டு கொடுத்த உன் வீட்டுக்காரர் சுலைமான், பிறகு நீ. நாலாவது ஆள் இல்லை. நீ எழுதியபடியே எழுதியிருக்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் இந்த மூன்று பேருக்கும் பேர் சொல்லி துஆ கேட்கிறேன். ஒரு பேர் விட்டுப்போனாலும் எனக்கு மனசு ஆறாது. நான் செய்யவேண்டிய கடைசி வேலையை எனக்காகச் செய்தவர்கள் அல்லவா.

நம் துணிக்கடையில் மிச்சமிருந்த நல்ல கைலிகளில் மூன்று எடுத்து அனுப்பியிருக்கிறேன். பச்சைக் கட்டம் லெப்பைக்கு, ஊதா சுலைமானுக்கு, வெள்ளையில் நீலக்கரை உனக்கு. குளிப்பாட்டியவர்களுக்குத் துணி கொடுப்பது நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியும்.

தம்பி, உன்மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. தந்தி பிரித்தபோது அதில் "அடக்கியாச்சு" என்றிருந்தது. "மௌத்" என்று ஒரு தந்தி, அப்புறம் "அடக்கியாச்சு" என்று ஒரு தந்தி அனுப்பியிருக்கலாம். சிங்கப்பூர் தூரம்தான், நான் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாதுதான், மய்யித்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவங்க இறந்துவிட்டாங்க என்று தெரிந்து, இன்னும் மண்ணுக்கு மேலே இருக்காங்க என்று நினைத்துக்கொண்டு யாசீன் ஓத எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும். அந்த நேரத்தை நீ கொடுக்கவில்லை.

உன் மச்சானுக்காக இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாளும் வாசல் தாண்டமாட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் வெளிவேலைக்கு ஆள் இல்லையே என்று பயந்தேன். பக்கத்து வீட்டு காமாரியாதான் பாசாருக்கும் தபாலுக்கும் போய்வருகிறாள். அவள் ஒன்று சொல்லி என்னைக் கலக்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை வெள்ளைக்கார டாக்டர்கள் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். "உன் தம்பிதானே அங்கே காயம் கட்டுகிற டிரஸ்ஸர், அவனைக் கேளு லா" என்கிறாள். கேட்கிறேன். முகம் எப்படி இருந்தது? உடம்பில் கத்தி படவில்லையே? அல்லாஹ் கொடுத்தபடி முழுசாகத்தானே போனாங்க? இவற்றுக்குப் பதில் எழுது, நான் தூங்குவேன்.

துஆவுடன்,
ஹபீபா பீவி

*

சிங்கப்பூர்
20 மார்ச் 1931

அன்புள்ள லாத்தாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

கைலிகள் வந்தன. லெப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மச்சான் முகம் நன்றாக இருந்தது லாத்தா. மூச்சிழுப்பு நின்றபிறகு வருகிற அமைதி. கத்தி எதுவும் படவில்லை. நானே கூட இருந்தேன். காமாரியா சொல்வதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தந்தி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். அன்றைக்கு என் புத்தி என்னிடம் இல்லை.

இத்தா வீட்டில் சும்மா உட்கார்ந்து நீங்கள் கரைந்துபோவீர்களே என்று எனக்குக் கவலை. அதனால் ஒரு வேலை தருகிறேன், கோபிக்காதீர்கள். மச்சானைச் சேர்த்த, நான் வேலை பார்க்கிற இது சின்ன நெஞ்சு மருத்துவமனை. டாக்டர்துரையின் சொந்த இடம். அவர் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். நாம் இழுக்கும் காற்று தொண்டையிலிருந்து இறங்கி இரண்டாகப் பிரிந்து, அதில் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, மரம் தலைகீழாக வளர்ந்த மாதிரி நுனிவரை போகிறது. அந்தக் கிளைகளில் எங்கே எவ்வளவு தடை, காற்றைத் தள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம் என்கிறார். தெரிந்துவிட்டால் மச்சான் மாதிரி இழுப்பில் தவிக்கிறவர்களுக்கு மருந்து எந்த இடத்தில் வேலை செய்யவேண்டும் என்று சொல்லிவிடலாம்.

விதி எளிது. குழாயின் நீளம் இரட்டித்தால் தள்ளும் பலமும் இரட்டிக்கவேண்டும். அகலம் பாதியானால் பலம் பதினாறு மடங்கு வேண்டும். ஒரே மட்டத்தில் இருக்கும் கிளைகள் காற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் கிளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எனக்குப் பெருக்கல் கைவராது, உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் நான் சிலேட்டை வைத்துக்கொண்டு முழிப்பேன், நீங்கள் மீன் கழுவிக்கொண்டே விடை சொல்வீர்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது என்னை, படித்தது நீங்கள் என்று வாப்பா கேலி செய்வாரே.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. அன்று அறுக்கும் குர்பான் ஆட்டின் நுரையீரல் இரண்டு கேட்டு வாங்குங்கள். தேன்மெழுகை உருக்கிக் குழாய் வழியாக ஊற்றி ஆறவிட்டு, பிறகு சோடாக் காரத்தில் ஊறப்போட்டால் சதை கரைந்து மெழுகு மரம் மட்டும் நிற்கும். அதை அளந்து பழகுங்கள். பித்தளை அளவுக்கருவி ஒன்று தனியே அனுப்புகிறேன்.

தம்பி,
நூர் முகம்மது

*

ஜெலுத்தோங்
4 மே 1931

அன்புத் தம்பி நூருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கத்தி படவில்லை என்று எழுதினாய், அன்று இரவே நான் தூங்கினேன். அல்ஹம்துலில்லாஹ். உன்மேல் இருந்த தந்தி வருத்தத்தையும் அன்றோடு விட்டுவிட்டேன்.

பெருநாளைக்குக் காமாரியா வீட்டு ஆட்டிலிருந்து நுரையீரல் வந்தது. முதலாவது கெட்டுப்போயிற்று. மெழுகு பாதி வழியிலேயே உறைந்துவிட்டது. இரண்டாவதற்கு நுரையீரலை வெந்நீர்ப் பானையில் சூடாக வைத்துக்கொண்டு ஊற்றினேன், நுனிவரை இறங்கிவிட்டது. காரத்தில் ஊறப்போட்டதும் வந்த நாற்றத்துக்குக் காமாரியா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத்தா இருக்கிற பெண் செய்கிற வேலையா இது, ஆட்டுக்கு ஆபரேஷன் செய்கிறாயா?" என்று சிரிக்கிறாள். சதை கரைந்த பிறகு கழுவி எடுத்தேன் தம்பி, சுப்ஹானல்லாஹ். ஓர் ஆட்டின் நெஞ்சுக்குள் இப்படி ஒரு மரத்தை வைத்து, அந்த ஆட்டுக்கே தெரியாமல் வைத்திருக்கிறானே.

கணக்கு போட்டுப் பார்த்தேன். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. கடைக் கணக்கை நான் அப்படித்தான் சரிபார்ப்பேன். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், நுனிக்கிளைகள் மயிரிழை மாதிரி இருக்கின்றனவே, தடையெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் குறுகலானாலும் அவை எண்ணிலடங்காமல் இருந்து சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கஷ்டமெல்லாம் நடுக்கிளைகளில் இருக்கிறது. எண்ணிக்கையும் கொஞ்சம், அகலமும் கொஞ்சம்.

அவங்க இழுப்பு வந்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பாங்க, நான் முதுகைத் தேய்ப்பேன். எங்கே அடைக்கிறது என்று கேட்டால் நெஞ்சின் நடுவில் கைவைப்பாங்க. அவங்க காட்டியது சரியான இடம்தான். இத்தனை நாள் கழித்து எனக்குப் புரிகிறது. இந்த வேலையை எனக்குக் கொடுத்ததற்கு அல்லாஹ் உனக்குக் கூலி தருவான்.

லாத்தா,
ஹபீபா பீவி

*

சிங்கப்பூர்
11 மே 1931

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் ஆட்டுக் கணக்கைத் துரையிடம் காட்டினேன். நடுக்கிளை விஷயத்தை அவரும் அப்படித்தான் சந்தேகித்திருந்தார். இரண்டு தரம் தலையை ஆட்டினார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

இந்தத் தபாலோடு ரயில் பார்சலில் ஒரு பிஸ்கட் டின் வருகிறது. பிறை ஸ்டேஷனில் இறங்கி, படகேறி உங்களிடம் வரும். உள்ளே பஞ்சுக்குள் மனிதருடைய மூச்சுக்குழாய் மரம் இருக்கிறது. மெழுகு அல்ல, ஒரு ஈயக் கலவை. வெந்நீர்ச் சூட்டிலேயே உருகிவிடும், அடுப்பங்கரைப் பக்கம் வைக்காதீர்கள். நான் அளக்கப்போய் இரண்டு நுனிகளை ஒடித்துவிட்டேன். இதை அளக்க உங்கள் கைதான் வேண்டும்.

பயப்படவேண்டாம். உரிமை கோர ஆளில்லாதவர் ஒருவருடையது. மனைவி, மக்கள் யாரும் கேட்டு வரவில்லை. அப்படிப்பட்டவர்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள இங்கே அனுமதி உண்டு.

கணக்கு முடிந்ததும் ஒத்துப்பார்க்க ஓர் அளவையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இவர் உயிரோடிருந்தபோது எடுத்தது. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பலம் என்று. உங்கள் விடை அதற்கு அருகில் வந்தால், கணக்கு வெறும் காகிதக் கணக்கு அல்ல, உயிருள்ள மனிதருக்கும் பொருந்தும் என்று நிரூபித்த மாதிரி. துரையின் கட்டுரை ஜூன் கடைசியில் லண்டனுக்குப் போகவேண்டும். கட்டுரையில் என் பெயரும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார் லாத்தா. ஒரு டிரஸ்ஸரின் பெயர்.

நூர் முகம்மது

*

ஜெலுத்தோங்
25 மே 1931

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

டின் பத்திரமாக வந்தது. பஞ்சை விலக்கியதும் முதலில் அந்த மனிதருக்கு துஆ செய்தேன். அவர் நம்மவரோ, சீனரோ, இந்துவோ தெரியாது. ஆளில்லாதவர் என்றாய். நான் ஓதினால் ஒன்றும் குறைந்துவிடாது. தினமும் வேலை தொடங்குமுன் பாத்திஹா ஓதிவிட்டுத்தான் கையில் எடுக்கிறேன். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைக்கிறேன். காமாரியா, "உன் வீட்டில் இரண்டு மய்யித்துக்கு இத்தா நடக்கிறது" என்கிறாள்.

கணக்கு முடிந்தமாதிரிதான். விடை நீ கொடுத்த அளவுக்குக் கிட்டத்தட்ட ஒத்து வருகிறது. எனக்கே நம்பிக்கை வராமல் கீழிருந்து மேலாக மறுபடி போட்டேன். அதேதான்.

ஆனால் இரண்டு சந்தேகம் இருக்கிறது. தீர்த்துவிட்டால் தாளை அனுப்பிவிடுவேன்.

ஒன்று. வலது கீழ்க்கிளையில், மூன்றாம் பிரிவுக்குக் கொஞ்சம் கீழே, ஓரிடம் நூல் கட்டி இறுக்கிய மாதிரி ஒடுங்கியிருக்கிறது. இருக்கவேண்டிய அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த இடத்தில் மட்டும் எண்பத்தொரு மடங்கு பலம் வேண்டும், அதாவது அதற்குக் கீழே காற்று போகவே போகாது. மற்ற கிளைகள்தான் இவரைச் சுமந்திருக்கின்றன. இது நீங்கள் ஈயம் ஊற்றியபோது வந்த பழுதா, இல்லை அந்த மனிதருக்கே அப்படியா? பழுது என்றால் சரியான அளவைப் போடுகிறேன்.

இரண்டு. ஆளில்லாதவர் என்றால் தெருவில் இறந்து கிடந்தவர்தானே? அவரை உயிரோடு எப்போது அளந்தீர்கள்? இது கணக்கைத் தொடாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

லாத்தா

*

சிங்கப்பூர்
30 மே 1931

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஒடுக்கம் பழுது இல்லை. அந்த அளவை அப்படியே போடுங்கள். இவர் சில வாரம் எங்கள் மருத்துவமனையில் இருந்தவர்தான். இதற்குமேல் கேட்டால் எழுத எனக்கு நேரமில்லை, துரை அவசரப்படுத்துகிறார். தாளையும் டின்னையும் அடுத்த ரயிலிலேயே அனுப்பிவிடுங்கள்.

நூர்

*

ஜெலுத்தோங்
5 ஜூன் 1931

நூர் முகம்மதுக்கு.

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது என் கடமை, அதனால் சொல்கிறேன்.

பழுது இல்லை என்று எழுதினாய். உன் கடிதத்தில் நீ ஸலாம் எழுதவில்லை. நீ ஸலாம் இல்லாமல் எனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை. அந்த ஒடுக்கத்தை மறுபடி அளந்து பார்த்தேன். பிறகு ஜனவரியில், உன் மச்சானை அங்கே சேர்த்த புதிதில், நீ எழுதியது ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. அந்த வரிகளை அப்போது நானே அவங்க அம்மாவுக்கு ஊருக்கு எழுதி அனுப்பினேன். "மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள் லாத்தா. வலது கீழ்க்கிளை ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கிறது. நம் கல்யாண வீட்டுப் பாக்குதான் என்று மச்சானிடம் சொன்னேன், இழுப்போடு இழுப்பாகச் சிரித்தார்" என்று எழுதினாய்.

அந்தப் பாக்கு யார் கேலியால் உள்ளே போனது என்று அவங்களுக்கும் நமக்கும்தான் தெரியும். நிக்காஹ் முடிந்து பந்தியில் அவங்க வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாங்க. நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மச்சான், எங்க லாத்தா உங்களை ஒவ்வொரு நாளும் கணக்குக் கேட்பாங்க, இன்றைக்கே ஓடிப்போயிடுங்க" என்றாய். அவங்க வாய்விட்டுச் சிரிச்சாங்க. சிரிப்பிலேயே பாக்குப் புரையேறி முகம் நீலமாகி, தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டி எல்லாரும் பயந்துபோனோம். அது வெளியே வரவேயில்லை. அன்றிலிருந்து அந்த இருமல். உன் கேலியை அவங்க நெஞ்சுக்குள்ளே வைத்துக்கொண்டுதான் என்னோடு வாழ்ந்தாங்க. அதற்காக ஒரு நாளும் உன்னைக் குறை சொன்னதில்லை.

கண்ணாடிக் குழாயில் ஊதச் சொல்கிறார்கள், ஊதினால் தண்ணீர் ஏறுகிறது, வேடிக்கையாக இருக்கிறது என்று அவங்க சொல்லச் சொல்ல நீதான் எனக்குக் கடிதம் எழுதினாய். நீ தாளில் கொடுத்த அளவு எங்கிருந்து வந்தது என்று இனி நான் கேட்கவேண்டாம்.

தம்பி, ஒரு வார்த்தையில் பதில் எழுது. விளக்கம் வேண்டாம். என் வீட்டில் வெள்ளைத் துணிமேல் இருக்கிறது யாருடையது?

ஹபீபா பீவி

*

சிங்கப்பூர்
11 ஜூன் 1931

லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

மச்சானுடையதுதான்.

ஒரு வார்த்தையில் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்த என்னால் முடியவில்லை. கிழித்துப்போடாமல் மிச்சத்தையும் படியுங்கள்.

நாங்கள் வைத்திருந்த மற்ற நுரையீரல்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர்களுடையவை. அளக்கலாம், கணக்குப் போடலாம், ஆனால் விடை சரியா என்று யாரைக் கேட்பது? அவர்கள் எப்படி மூச்சுவிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மச்சான் ஒருவரைத்தான் உயிரோடிருக்கும்போது முழுசாக அளந்திருந்தோம். மச்சான் இறந்த அந்த மார்ச் மாதத்துக் காலையில் துரை என்னைப் பார்த்தார். வாய்திறந்து கேட்கவில்லை. இவருக்குச் சொந்தம் நீதானே என்று மட்டும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். கத்தி பிடித்ததும் நான்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. கைகால் கழுவி வுளூ செய்துகொண்டுதான் செய்தேன். நன்றாகத் தைத்தேன். அதனால்தான் தந்தி தாமதம்.

மச்சானிடம் கேட்டேன் லாத்தா. இறப்பதற்கு முதல்நாள். "உங்களுக்குப் பிறகு இந்த நெஞ்சை நாங்கள் பார்க்கலாமா, மற்றவர்களுக்குப் பயன்படும்" என்று கேட்டேன். தலையாட்டினார். அல்லாஹ் சாட்சி, தலையாட்டினார்.

பஷீர் லெப்பை தையலைப் பார்த்தார். துணியை இழுத்து அதன்மேல் போட்டுவிட்டு ஓதத் தொடங்கிவிட்டார். மய்யித்தில் கண்டதை வெளியே சொல்வது பாவம் என்று அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. வீட்டார் சம்மதித்தது என்றுதான் நினைத்திருப்பார். சுலைமான் தண்ணீர் மொள்ளும் பக்கம் இருந்தார், பார்க்கவில்லை.

உங்களிடம் ஏன் அனுப்பினேன் என்று கேட்பீர்கள். என் கை ஒடித்தது உண்மை. ஆனால் அதை இங்கே அலமாரியில், நம்பர் ஒட்டிய ஜாடிகளுக்கு நடுவில் வைத்துப்பார்க்க என்னால் முடியவில்லை. உங்கள் வீட்டுக்குப் போகட்டும் என்று தோன்றிவிட்டது. உங்களுக்குத் தெரியாமலே உங்களிடம் இருக்கட்டும் என்று. அது எப்படிப்பட்ட யோசனை என்று இப்போது தெரிகிறது.

கட்டுரை நிற்கிறது. டின்னும் தாளும் இல்லாமல் போகாது. அதைக் கேட்க எனக்கு வாயில்லை. கேட்காமலும் இருக்கமுடியவில்லை. வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள் லாத்தா.

நூர்

*

ஜெலுத்தோங்
18 ஜூன் 1931

நூர் முகம்மதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. நிதானமாகவே படித்தேன்.

தலையாட்டினாங்க என்று எழுதியிருக்கிறாய். தம்பி, இழுப்பு முற்றிய மனுஷன் எதற்குத் தலையாட்டமாட்டான்? கஞ்சியில் உப்புப் போதுமா என்று கேட்டால் தலையாட்டுவாங்க, போதாவிட்டாலும். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் ஆட்டுவாங்க, மூடட்டுமா என்றாலும் ஆட்டுவாங்க. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மூச்சு வேண்டும். அது அவங்ககிட்ட இல்லை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நீ. நீதான் அளந்து வைத்திருந்தாயே.

என்னைக் கேட்டிருந்தால்? எனக்கு வாய் இருந்தது. தந்தி இருந்தது. நான் சரி என்று சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஒருவேளை இமாமைக் கேட்டுவிட்டு, இழுப்பில் கிடக்கும் மற்றவர்களை நினைத்து, அழுதுகொண்டே சரி என்றிருப்பேனோ என்னவோ. அது எனக்கே தெரியாதபடி நீ செய்துவிட்டாய். நடந்ததைவிட இது எனக்குப் பெரிதாக இருக்கிறது.

பஷீர் லெப்பையை நான் குறை சொல்லமாட்டேன். இறந்தவரின் குறையை யாரும் பார்க்கக்கூடாது என்று அவர் துணியை இழுத்துப் போட்டார். அந்தத் துணிக்கடியில் உன் குறையை நீ ஒளித்துவைத்தாய். மூன்று பேர் பேரையும் சொல்லி துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் மூன்று பேருக்கும் கேட்கிறேன். உன் பேர் வரும்போது மட்டும் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். அந்த நீலக்கரைக் கைலியை உடுத்தாதே. பள்ளிவாசலில் யாருக்காவது கொடுத்துவிடு.

முகம் நன்றாக இருந்தது, கத்தி படவில்லை என்று எழுதினாய். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினதால், முகத்தைப் பற்றி எழுதியதையும் இப்போது என்னால் நம்பமுடியவில்லை.

காமாரியாவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன். அவள் உடனே கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ஊற்று லா, உருக்கிவிடு, லண்டனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்" என்றாள். தண்ணீர் கொதித்து ஆறுகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நான் ஊற்றவில்லை. அது அவங்க உடம்பு இல்லை. உடம்புக்குள்ளே காற்று இருந்த இடம். அதை அடக்கவும் முடியாது, அழிக்கவும் எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு கிளையையும் நான் நூல் வைத்து அளந்திருக்கிறேன். கூட வாழ்ந்த காலத்தில் அவங்க முதுகைத்தான் தேய்த்தேன். உள்ளே இப்படி இருந்தது என்று தெரிந்தது இப்போதுதான்.

கணக்கு சரியாக இருக்கிறது. தாள் முடிந்துவிட்டது, கையெழுத்துத் திருத்தமாக எழுதி வைத்திருக்கிறேன். கோபத்தில் ஓர் எண்ணையும் மாற்றவில்லை, அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ஆனால் நீ கேட்டபடி அது வராது. உன் துரையின் கட்டுரையில் இவரை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். டின்னோடு எனக்கு எழுதியமாதிரிதான் எழுதியிருப்பீர்கள். உரிமை கோர ஆளில்லாதவர். மனைவி, மக்கள் கேட்டு வரவில்லை.

மக்கள் இல்லை, அது அல்லாஹ்வின் நாட்டம். மனைவி இருக்கிறேன். நான் கோருகிறேன்.

நான் அவங்க பேரைச் சொன்னதுமில்லை, எழுதினதுமில்லை. கடைக் கணக்கில்கூட "முதலாளி" என்றுதான் எழுதுவேன். நீ சின்னப்பிள்ளையாய் இருந்தபோது என் வாயிலிருந்து அந்தப் பேரை வரவழைக்க எத்தனை தந்திரம் செய்வாய். நான் ஏமாந்ததே இல்லை. இப்போது தாளின் தலைப்பில் நானே எழுதியிருக்கிறேன். எழுத்து தெளிவாக இருக்கிறது:

நாகூர் மீரான், துணி வியாபாரி, பினாங்கு. ஹபீபா பீவியின் கணவர்.

அந்த வரி அச்சில் வரும் என்று துரை தன் கையால் எழுதிக்கொடுத்தால் தாளை அனுப்புவேன். முடியாது என்றால் தாள் என்னோடு இருக்கும். உன் பேர் அதில் வருவதும் வராததும் உங்கள் விஷயம். டின் எப்படியும் திரும்பி வராது. அது அவங்க வீட்டுக்கு வந்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். காமாரியாவின் புருஷன் மூலமாக, யார் பேரும் சொல்லாமல், இமாமிடம் கேட்டனுப்பினேன். இறந்தவரின் உடம்பில் ஒரு பகுதி பிரிந்துபோனால் அதையும் துணியில் சுற்றி மண்ணில் வைக்கவேண்டும் என்றார். கரைந்துபோயிருந்தால் என்று கேட்டதற்கு, கரைத்ததை ஊற்றிய இடம் தெரிந்தால், அந்த இடத்தில் சுத்தமான மண் போட்டு மூடி துஆ செய்யட்டும், அல்லாஹ் மன்னிக்கிறவன் என்றிருக்கிறார்.

ஆட்டு நுரையீரலைக் காரத்தில் கரைத்துவிட்டு அந்தத் தண்ணீரை நான் பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றினேன். நீ சொல்லிக்கொடுத்தபடிதான். அதனால் உன்னிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கவேண்டும்.

ஜூலையில் என் இத்தா முடிகிறது. முடிந்ததும் ரயிலேறி சிங்கப்பூர் வருகிறேன். உன் வீட்டில் தங்கமாட்டேன். முதலில் அவங்களை அடக்கிய கப்ருக்குப் போவேன். அப்புறம் மண்ணோடு அந்த இடத்துக்குப் போகவேண்டும், அது சாக்கடையானாலும் சரி, கடலோரமானாலும் சரி.

சதை கரைந்த தண்ணீரை எங்கே ஊற்றினாய்? இடத்தை மட்டும் எழுது. பதில் சீக்கிரம் வேண்டும்.

ஹபீபா பீவி